வேலைக்கு ஆள் எடுப்பதில் நீதம்



அரிசியை நிறுக்கத் தராசு, எண்ணெயை அளக்கப் படி, துணியை அளக்கக் கஜக்கோல் என்று ஒவ்வொரு சரக்குக்கும் ஓர் அளவையை வைத்திருக்கும் வியாபாரிகளாகிய நாம், நம்மிடம் வேலை கேட்டு வரும் மனிதரை மட்டும் வெறுங்கண்ணால் எடை போட்டுவிடுகிறோம். "ஆளைப் பார்த்தாலே தெரிந்துவிடும்" என்பது நம்மிடையே ஒரு பெருமைப் பேச்சு. இருபது வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நாமும் அப்படிப் பேசித் திரிந்தோம். அந்தப் பெருமை எப்படிப் போயிற்று என்பதையும், அதன் பிறகு கற்றுக்கொண்ட பாடத்தையும் இங்கே எழுதுகிறோம். நம் சங்கத்தில் இப்போது கடை வைத்திருப்பவர்களை விட, கம்ப்யூட்டர் வேலைக்கு மனுப் போட்டுக் காத்திருக்கும் பிள்ளைகளின் தகப்பனார்களே அதிகம். பேட்டி மேசைக்கு இந்தப் பக்கம் உட்காருகிறவர்களுக்கும் அந்தப் பக்கம் உட்காருகிறவர்களுக்கும் இது உதவக்கூடும்.

துவாஸ் பக்கம் வராத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. சிங்கப்பூரின் மேற்குக் கோடியில் தொழிற்சாலைகளும், கப்பல் பட்டறைகளும், அவற்றில் உழைக்கும் தம்பிமார்களின் விடுதிகளும் நிறைந்த இடம் அது. 2017 ஜூனில் துவாஸ் லிங்க் வரைக்கும் எம்.ஆர்.டி. ரயில் வந்தது. 2022 செப்டம்பர் 1ஆம் தேதி துவாஸ் துறைமுகம் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. அங்கே கொள்கலன்களைச் சுமந்து ஓடும் வண்டிகளில் ஓட்டுநர் கிடையாது. 2040களில் வேலை முழுவதும் முடியும்போது, இருபதடிக் கொள்கலன் கணக்கில் ஆண்டுக்கு 65 மில்லியன் வரை கையாளலாம் என்கிறார்கள். இத்தனையையும் நடத்துவது, எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து சிலர் எழுதிய மென்பொருள். அப்படிப்பட்ட ஊரில், நாம் பற்று வரவை நீளப் புத்தகத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தோம்!

விடுதித் தம்பிமார்கள் சம்பள நாள் வரை பற்றில் வாங்குவார்கள். அரிசி, பருப்பு, சோப்பு, ஊருக்குப் பேசும் கார்டு என்று மாதக் கடைசியில் ஒருவர் பேரில் நூறு, இருநூறு வெள்ளி ஏறி நிற்கும். துவாஸில் நாம், தேக்காவில் ஒரு கூட்டாளி, ஜூரோங்கில் ஒரு கூட்டாளி என மூன்று கடைக்காரர்கள் சேர்ந்து விடுதிகளுக்குச் சாமான் அனுப்பும் மொத்த வியாபாரமும் செய்கிறோம். கடையில் விற்கும் பில் மிஷின்களில் நம் பற்றுக் கணக்கு அடங்கவில்லை. ஆகவே மூவரும் பணம் போட்டு, இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் மென்பொருள் எழுதுகிறவர் ஒருவரை வைப்பது என்று முடிவு செய்தோம்.

முதல் முறை எப்படி எடுத்தோம்? நம் ஊரார் ஒருவர் சிபாரிசு செய்தார். பிள்ளையாண்டான் வந்தார். தே தாரிக் வாங்கிக் கொடுத்து, யார் மகன், எந்தத் தெரு, என்ன பட்டம் என்று கேட்டோம். இங்கிலீஷ் மழைபோல் பொழிந்தார். கால் மணி நேரத்தில் காரியம் முடிந்தது. தேக்காக் கூட்டாளி நம் காதில், "பார்த்தாலே தெரியுது, கெட்டிக்காரப் பிள்ளை" என்றார். நாமும் தலையை ஆட்டினோம்.

எட்டாம் மாதம் வினை வெளிப்பட்டது. விடுதியில் ஒரே பெயரில் இரண்டு தொழிலாளிகள் இருந்தார்கள். புரோகிராம் அவ்விருவரையும் ஒருவராகவே எண்ணி, ஒருவரின் பற்றை மற்றவர் பேரில் ஏற்றிவிட்டது. 186 வெள்ளி. அந்த மனிதர் சண்டை போட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அவரோ கல்லாவில் நின்று கொஞ்ச நேரம் யோசித்து, தாமே மறந்திருப்போம் என்று நினைத்து, மௌனமாக எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு மாதம் கழித்துப் பழைய பென்சில் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தபோதுதான் கண்டோம். அதற்குள் அவர் ஒப்பந்தம் முடிந்து ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மச்சான் இன்னொரு விடுதியில் இருந்தார். அவரைத் தேடிப் பிடித்துப் பணத்தை அனுப்பினோம். கடனில்லாத ஓர் ஏழையிடம் கடன் வசூலித்த அந்த ராத்திரி நமக்கு உறக்கம் வரவில்லை.

அந்தப் பிள்ளையாண்டான் மேல் நாம் குற்றம் சொல்லவில்லை. அவருக்கு வேறு வேலை நன்றாகத் தெரிந்திருக்கலாம். இந்த வேலை தெரியுமா என்று எங்கள் மூவரில் ஒருவர்கூட அவரைக் கேட்டுப் பார்க்கவில்லையே!

நம் கடைக்குத் தேநீர் குடிக்க வரும் நண்பர் ஒருவர், துவாஸ் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதுகிறவர். சங்கதியைக் கேட்டுச் சிரித்தார். "பாய், சமையலுக்கு ஆள் எடுத்தா ஒரு சட்டி பிரியாணி ஆக்கச் சொல்லிப் பார்ப்பீங்கதானே? இதுக்கு மட்டும் ஏன் தெரு பேரைக் கேட்டீங்க?" என்றார். பிறகு, ஆள் எடுக்கும் வித்தை பற்றிப் பலர் ஆராய்ந்து எழுதியவற்றை வாரா வாரம் வந்து எடுத்துச் சொன்னார். மதரசாவும் ஆரம்பப் பள்ளியும் தாண்டாத நமக்கு விளங்கும்படி சொன்னார் என்பதால் வாசகர்களுக்கும் விளங்கும் என்று நம்புகிறோம்.

முதலாவது, பேட்டிக்கு முன் வேலையை எழுத வேண்டும். வருகிறவர் முதல் ஆறு மாதத்தில் செய்து முடிக்க வேண்டியவை என்ன? நாங்கள் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து நான்கை எழுதினோம். ஒருவர் கணக்கு இன்னொருவர் கணக்கோடு கலக்கக் கூடாது. மூன்று கடைச் சரக்கிருப்பும் ஒத்துப் போக வேண்டும். இன்டர்நெட் அறுந்தாலும் வியாபாரம் நிற்கக் கூடாது. கல்லாவில் இருப்பவருக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கத் தெரிய வேண்டும். அவ்வளவே. பட்டம், ஊர், உடுப்பு எதுவும் இந்த நான்கில் வரவில்லை என்பது எழுதி முடித்த பிறகுதான் எங்கள் கண்ணுக்குப் பட்டது.

அடுத்தது விளம்பரம். "சுறுசுறுப்பான இளைஞர் தேவை, தமிழ் தெரிந்திருக்க வேண்டும்" என்று நாம் எழுதியதை நண்பர் பேனாவால் அடித்தார். இளைஞர் என்றால் வயதைச் சொல்லி ஒருவரைத் தள்ளுவதாகும். தமிழ் எதற்கு? நம் கல்லாவில் இருப்பவர்களுக்கு மலாயும் தெரியும், கொஞ்சம் ஆங்கிலமும் தெரியும். ஒரு பாஷை வேலைக்கு அவசியம் என்றால் இன்ன காரணத்தால் என்று விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும் என்பது இங்குள்ள முத்தரப்பு வழிகாட்டி. சீனமொழி பேசுவோர் மட்டும் தேவை என்ற விளம்பரங்களைப் பார்த்து நம்மவர்கள் எத்தனை முறை மனம் வெதும்பியிருக்கிறோம்! அதே காரியத்தை நாமே செய்யப் பார்த்தோம்.

சட்டத்தைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறோம். நியாயமான வேலை நடைமுறைகளுக்கான முத்தரப்புக் கூட்டணி 2006இல் ஏற்பட்டது. நெடுங்காலம் அதன் வழிகாட்டிகளே நடப்பிலிருந்தன. 2025 ஜனவரி 8ஆம் தேதி வேலையிட நியாயத்தன்மை மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. வயது, குடியுரிமை, ஆண் பெண் என்ற பேதம், திருமண நிலை, கர்ப்பம், குடும்பத்தாரைப் பராமரிக்கும் பொறுப்பு, இனம், மதம், மொழித் திறன், உடற்குறை, மனநலக் குறை ஆகியவற்றைக் காரணமாக வைத்து ஒருவரைத் தள்ளக் கூடாது என்பது அதன் சாரம். ஆயினும் 25 பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருப்பவர்களுக்கு ஆரம்பத்தில் விலக்கு உண்டு. எங்கள் மூன்று கடையையும் சேர்த்தாலும் 25 தேறாது. ஜூரோங்க் கூட்டாளி இதைப் படித்துவிட்டு, "நமக்குத்தான் விலக்கு இருக்கே, எதுக்கு இவ்வளவு பாடு?" என்று கேட்டார். 186 வெள்ளி எண்ணிக் கொடுத்தவரும் எந்தச் சட்டத்தையும் காட்டி நம்மிடம் கேட்கவில்லை என்று சொன்னோம். அவர் அப்புறம் பேசவில்லை.

விண்ணப்பங்கள் 31 வந்தன. இங்கேதான் பேரைப் பார்க்கும் வியாதி நுழைகிறது. பெயரைப் பார்த்ததும் மதமும் இனமும் குலமும் தெரிந்துவிடுகின்றனவன்றோ? அமெரிக்காவில் சிகாகோ, பாஸ்டன் நகரங்களில் ஒரே மாதிரியான விண்ணப்பங்களை வெள்ளையர் பெயரிலும் கறுப்பர் பெயரிலும் அனுப்பிப் பார்த்தார்கள். வெள்ளையர் பெயருக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அழைப்பு வந்ததென்று 2004இல் எழுதினார்கள். இந்தியாவில் தனியார் கம்பெனிகளுக்கு அனுப்பிய விண்ணப்பங்களில் தலித் பெயர்களுக்கும் முஸ்லிம் பெயர்களுக்கும் அழைப்புக் குறைந்ததாக 2007இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று.

இவற்றைக் காட்டிலும் நம்மை யோசிக்க வைத்தது 2009இல் வெளியான டில்லி ஆய்வு. பத்திரிகைகளிலும் இன்டர்நெட்டிலும் வந்த 371 வேலை விளம்பரங்களுக்கு, ஜாதியைக் காட்டும் குடும்பப் பெயர்களைக் குலுக்கிப் போட்டு 3,160 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். மென்பொருள் வேலைகளில் ஜாதியால் வித்தியாசம் தென்படவில்லை. போனில் பேசும் கால் சென்டர் வேலைகளில் மேல் ஜாதிப் பெயருக்கு அழைப்பு அதிகம் வந்தது. ஏன் இப்படி? புரோகிராம் ஓடுகிறதா, ஓடவில்லையா என்பதை அளக்கலாம். பேச்சும் பாங்கும் என்றால், அளக்கிறவர் தம் மனத்தில் உள்ளதையே அளக்கிறார். ஆய்வாளர்களின் கருத்தும் கிட்டத்தட்ட இதுவே. எதற்கு நம் கையில் அளவுகோல் இல்லையோ அந்த இடத்தில்தான் பாரபட்சம் குடியேறுகிறது என்று நாம் விளங்கிக்கொண்டோம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அந்த ஆய்வு பார்த்தது அழைப்பு வரும் வரைக்கும்தான். அதற்குப் பிறகு வரும் பேட்டி என்பது பேச்சும் பாங்கும்தானே! ஆகையால் மென்பொருள் வேலைக்கும் அந்த அபாயம் கதவுக்கு வெளியே நின்றுகொண்டுதான் இருக்கிறது.

நாங்கள் செய்தது மிகச் சாதாரணம். கூட்டாளியின் மகள் பள்ளி விடுமுறையில் இருந்தாள். அவளிடம் விண்ணப்பங்களைக் கொடுத்துப் பெயர், படம், வயது, முகவரி எல்லாவற்றையும் கறுப்பு மையால் மறைத்து, நம்பர் போடச் சொன்னோம். மூவரும் தனித்தனியாகப் படித்து, அந்த நான்கு காரியங்களில் எதைச் செய்த அனுபவம் எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்த்து ஆறு பேரைப் பிரித்தோம். இதையும் ஒரு புரோகிராமிடம் விட்டுவிடலாமே என்று ஜூரோங்க் கூட்டாளி கேட்டார். அமேசான் கம்பெனி அப்படிச் செய்து பார்த்தது. பழைய விண்ணப்பங்களைப் படித்துப் பழகிய அந்த இயந்திரம் பெண்களுடையதைத் தாழ்த்தியது. அதைக் கைவிட்டார்கள் என்ற செய்தி 2018இல் வந்தது. நம் பழைய பிழையைக் கற்றுக்கொண்டு இயந்திரமும் வேகமாகப் பிழை செய்யும். அதனால் கையாலேயே பிரித்தோம்.

இனி வேலைப் பரீட்சை. பெரிய கம்பெனிகளில் ஒரு காலத்தில் புதிர் போடுவார்களாம். சாக்கடை மூடி ஏன் வட்டமாக இருக்கிறது, ஒரு விமானத்தில் எத்தனை பந்து அடங்கும் என்றெல்லாம் கேட்பார்களாம். அவையெல்லாம் வீண் வேலை என்று 2013இல் கூகுள் கம்பெனியின் மனிதவளத் துறைத் தலைவரே ஒப்புக்கொண்டார். வேறொரு வழக்கம் இன்னும் இருக்கிறது. வெள்ளைப் பலகை முன் நிறுத்தி, நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க, வாய்விட்டுப் பேசிக்கொண்டே கணக்கை எழுதச் சொல்வார்கள். 2020இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தாரும் மைக்ரோஸாப்ட்டாரும் 48 மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரே வகைக் கணக்கைச் சிலர் தனியறையில் எழுதினார்கள். சிலர் ஒருவர் பார்த்திருக்க எழுதினார்கள். பார்வையில் எழுதியவர்களின் தேர்ச்சி பாதிக்கும் கீழே போயிற்று. சிறிய சோதனைதான், ஆனாலும் பார்வையில் எழுதிய பெண்களில் ஒருவர்கூடத் தேறவில்லை, தனியறையில் எழுதிய பெண்கள் எல்லாரும் தேறினார்கள் என்பதைக் கேட்டபோது, எத்தனை பிள்ளைகள் வேலை தெரிந்தும் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பியிருப்பார்கள் என்று நினைத்தோம்.

இதைக் கேட்கும்போது நமக்கு மதரசாவில் ஓதிக் கொடுத்த உஸ்தாத் நினைவுக்கு வந்தார். பெரிய வீட்டுப் பிள்ளையானாலும், எங்களைப்போல் ஒரு சட்டையோடு வரும் பிள்ளையானாலும், அன்றைய பாடத்தில் அதே இடத்தைத்தான் ஓதச் சொல்வார். ஓதும்போது கண்ணை மூடிக்கொள்வார். "முகத்தைப் பார்த்தா காது கெட்டுப்போகும்" என்பார். அப்பொழுது சிரித்தோம்.

நண்பர் உதவியால் ஒரு பரீட்சை செய்தோம். நம் கடையின் ஒரு வாரப் பற்றுச் சீட்டுகளைக் கொடுத்து, அவற்றை ஏற்றிப் பாக்கி காட்டும் ஒரு சிறு புரோகிராம் எழுத வேண்டும். அதில் மூன்று இடத்தில் முள் வைத்திருந்தோம். ஒரே பெயரில் இருவர். திருப்பிக் கொடுத்த சாமான் ஒன்று. காசுக் கணக்கு ஒன்று: சிங்கப்பூரில் ஒரு காசு நாணயம் 2002 முதல் வெளியிடப்படுவதில்லை, ரொக்கம் வாங்கும்போது ஐந்து காசுக்கு நேர் செய்கிறோம், ஆனால் பற்றில் ஏறும் தொகையை நேர் செய்வதில்லை. இந்த முட்களை யார் தாமாகக் காண்கிறார், காணாவிட்டாலும் யார் சந்தேகம் கேட்கிறார் என்பதற்கு மார்க்கு. சந்தேகம் கேட்பதற்கு நண்பர் நிறைய மார்க்கு வைக்கச் சொன்னார். முதல் ஆள் ஒரு சந்தேகமும் கேட்கவில்லை என்பது அப்போது ஞாபகம் வந்தது.

ஒன்றரை மணி நேரம், கடையின் மேல்மாடி அறையில், தனியாக, அவரவர் சொந்தக் கம்ப்யூட்டரில். செயற்கை நுண்ணறிவுப் பொறிகளைப் பயன்படுத்தலாமா என்று ஒருவர் கேட்டார். எல்லாருக்கும் சம்மதம் என்றோம். வேலையில் பயன்படுத்தத்தானே போகிறார்கள்? ஆனால் எழுதி முடித்ததும் நண்பர் உட்கார்ந்து, "இந்த வரி எதற்கு? நாளைக்கு மூன்றாவது ஆள் அதே பெயரில் வந்தால் எங்கே மாற்றுவீர்கள்?" என்று கேட்பார். பொறி எழுதியதானாலும் புரிந்து எழுதியவருக்குப் பதில் வரும். வீட்டுக்குக் கொடுத்து வாரக் கடைசி முழுதும் எழுதி வரச் சொல்லும் வழக்கத்தை நாங்கள் வேண்டாம் என்று விட்டோம். கைப்பிள்ளை வைத்திருக்கும் பெண்ணுக்கும், நோயாளித் தகப்பனாரைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கும் வாரக் கடைசி ஏது?

வந்த ஆறு பேருக்கும் ஆளுக்கு 80 வெள்ளி கொடுத்தோம். இதில்தான் பெரிய வாக்குவாதம் நடந்தது. "பேட்டிக்கு வர்றவங்களுக்குக் கூலியா? உலகத்தில் இல்லாத வழக்கமா இருக்கே" என்றார் தேக்காக் கூட்டாளி. துவாஸ் வரைக்கும் வந்து போகவே பாதி நாள் ஆகிறது. நாள் கூலிக்காரர் ஒருவர் அந்தப் பாதி நாளை இழக்க முடியாமல் வராதிருந்தால், நாங்கள் பார்த்தது வசதியுள்ளவர்களில் கெட்டிக்காரரைத்தானே? மொத்தம் 480 வெள்ளி. தவறான ஆளுக்கு எட்டு மாதம் கொடுத்த சம்பளத்தைக் கணக்கிட்டுக் காட்டியதும் கூட்டாளி பணப்பையைத் திறந்தார்.

பேட்டியில் எல்லாருக்கும் அதே ஆறு கேள்விகள், அதே வரிசை. கேள்விகளைத் தாளில் அச்சடித்து முன்கூட்டியே கையில் கொடுத்தோம். வந்தவர்களில் ஒருவருக்குக் காது மந்தம். அவருக்கு மட்டும் தாள் கொடுத்தால் அவர் குறுகிப் போவார் என்று எல்லாருக்கும் கொடுத்தோம். கேள்விகள் இப்படியானவை: "நீங்கள் எழுதிய புரோகிராம் ஒன்று தப்பாகப் போய் ஒருவருக்கு நஷ்டம் உண்டாயிற்றா? எப்படித் தெரிந்தது? என்ன செய்தீர்கள்?" ஒவ்வொரு கேள்விக்கும் எது நல்ல பதில், எது நடுத்தரம், எது போதாது என்பதை முன்னமே எழுதி வைத்தோம். பதில் கேட்டபின் மூவரும் தனித்தனியே மார்க்குப் போட்டு, தாளைக் கவிழ்த்து வைத்தபிறகே பேச வேண்டும் என்பது விதி. ஏனென்றால் மூத்தவர் ஒருவர் "எனக்குப் பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டால் மற்ற இருவரும் பேனாவை அந்தப் பக்கமே சாய்ப்போம். வயதில் மூத்தவரை மறுத்துப் பேசும் பழக்கம் நம்மிடம் ஏது?

இப்படி ஒரே கேள்வி கேட்டு மார்க்குப் போடும் பேட்டியைப் பற்றி 2022இல் நான்கு ஆராய்ச்சியாளர்கள் பழைய ஆய்வுகளையெல்லாம் மறுபடி கணக்கிட்டுப் பார்த்தார்கள். ஒருவர் வேலையில் எப்படி நடப்பார் என்பதை முன்கூட்டிச் சொல்வதில் அது முதலிடத்துக்கு வந்தது. எத்தனை வருஷ அனுபவம் என்பது கடைசிகளில் ஒன்றாக நின்றது. நாமோ இருபது வருஷமாக முதலில் கேட்டது அனுபவத்தைத்தான்!

இப்போது சங்கடமான இடத்துக்கு வருகிறோம். கறுப்பு மையை நீக்கிப் பார்த்தபோது, அந்த ஆறு பேரில் ஒருவர் நம் தமக்கை மகன். பாலிடெக்னிக் முடித்து ஒரு வருஷமாக வேலை தேடிக்கொண்டிருந்தான். மனுப் போட்டதை நம்மிடம் சொல்லவில்லை, நல்ல பிள்ளை. ஆனால் தமக்கை அன்று ராத்திரியே போன் செய்தார். "தம்பி, உன் கடைதானே, நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதாதா?" என்று கேட்டார். நம் உம்மா மௌத்தான பிறகு நம்மை வளர்த்தவர் அவர். என்ன பதில் சொல்வது?

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். காஞ்சிபுரம் மாவட்டத்து ஊர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டிய சாசனங்கள். ஊர் வாரியத்துக்கு ஆள் எடுக்க, 35 வயதுக்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், இவ்வளவு நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும் என்று தகுதியை முதலில் வகுத்தார்கள். பிறகு பேர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். அவன் எடுத்த ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும். கைக்குள் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாதல்லவா! வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவர் மட்டுமல்ல, சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள் என்று அவர் உறவினரையும் வரிசையாக எழுதித் தள்ளினார்கள். நிலமில்லாதவருக்கும் பெண்ணுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அது அந்தக் காலத்து நீதத்தின் எல்லை. ஆனால் உறவு எப்படி உள்ளே வரும் என்பதை அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

அவர்களைப்போல் உறவினனை அடியோடு தள்ளுவதும் நமக்குச் சரியாகப் படவில்லை. நம் தமக்கை வயிற்றில் பிறந்தது அவன் செய்த குற்றமா? ஆகவே அவன் பரீட்சைக்கு வந்த அன்று நாம் கடையை விட்டு இறங்கி, துவாஸ் லிங்க் நிலையத்துப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டோம். நமக்குப் பதிலாக நண்பர் மார்க்குப் போட்டார். மற்ற ஐந்து பேருக்கும் நாம் போட்ட மார்க்கை அதற்கு முன்பே உறையில் வைத்து ஒட்டிக் கொடுத்துவிட்டோம். பிறகு அதைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. கையை விரித்துக் காட்டுவது என்பது நமக்கு அவ்வளவுதான் தெரிந்தது.

உறைகளைப் பிரித்துக் கூட்டினோம். முதலாவதாக வந்தவர் 52 வயதுச் சீனர். நெடுங்காலம் வேலை பார்த்த இடத்தில் ஆள் குறைப்பில் வெளியேறி, மறுபடி படித்துத் தேறியவர். காது மந்தமானவர் அவர்தான். ஒரே பெயருள்ள இருவரைப் பத்தே நிமிஷத்தில் கண்டுபிடித்து, கீழே இறங்கி வந்து, "இவர்களுக்கு நம்பர் இருக்கிறதா?" என்று எழுதிக் காட்டிக் கேட்டவர். "இளைஞர் தேவை" என்று நாம் முதலில் எழுதியபடி விளம்பரம் போயிருந்தால் அவர் மனுப் போட்டிருக்கவே மாட்டார். இரண்டாவது ஒரு மலாய்ச் சகோதரி, இரண்டு குழந்தைகளின் தாய். அவருக்கும் அவருக்கும் இரண்டு மார்க்கே வித்தியாசம். நம் தமக்கை மகன் மூன்றாவது.

அந்தச் சீனர் வேலைக்குச் சேர்ந்து இப்போது பத்து மாதம். தவறே வரவில்லை என்று சொல்ல மாட்டோம். நோன்புப் பெருநாள் சமயத்தில் ஒரு முறை ஜூரோங்க் கடைச் சரக்கிருப்பு தப்பாகக் காட்டியது. அன்றே அவர் தாமே கண்டு, தாமே வந்து சொன்னார். விடுதித் தம்பிமார்களின் பாக்கியை இப்போது அவரவர் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். கல்லாவில் நின்று யோசிக்க வேண்டியதில்லை.

தமக்கை இரண்டு மாதம் நம்மோடு பேசவில்லை. பெருநாள் அன்று வீட்டுக்குப் போனபோதும் சாப்பாடு வைத்தார், வாய் திறக்கவில்லை.

மகன்தான் ஒரு நாள் சாயங்காலம் கடைக்கு வந்தான். "மாமா, எனக்கு எங்கே மார்க்கு குறைஞ்சுது?" என்று கேட்டான். வேலை கிடைக்காத ஐவரில் யார் கேட்டாலும் மார்க்குத் தாளைக் காட்டுவது என்று முன்பே தீர்மானித்திருந்தோம். முதலில் கேட்டவன் அவன். தாளை எடுத்துக் கொடுத்தோம். திருப்பிக் கொடுத்த சாமானை அவன் புரோகிராம் கணக்கில் எடுக்கவில்லை; நான்காம் கேள்விக்குப் பதில் சுருக்கமாகப் போயிருந்தது. எதிர்த்துப் பேசுவான் என்று பார்த்தோம். கல்லாவுக்குப் பக்கத்திலிருந்த அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து, தாளை மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு பைக்குள்ளிருந்து கம்ப்யூட்டரை எடுத்துத் திறந்து, "மாமா, அந்தச் சீட்டு இன்னும் இருக்கா? ஒரு தடவை போட்டுப் பார்க்கிறேன்" என்றான்.

அந்தத் தாளும் கேள்விகளும் நம் மேசை அறையில் இருக்கின்றன. ஆள் எடுக்கப் போகிறவர்களோ, பேட்டிக்குப் போகப் போகிற பிள்ளைகளோ அசருக்குப் பிறகு கடைக்கு வந்தால் பார்த்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். அன்று விடுதிகளுக்குச் சரக்கு ஏற்றும் நாள்.